இறுகிப்போன காலிப்பர் பிஸ்டன்: பாலக்கோடு நண்பருக்கு

நண்பரே, 2 வருஷம் சும்மா நின்ற பல்சரில் முன் டிஸ்க் பிடித்தபடியே நிற்கிறது என்கிறீர்கள். டிஸ்கைக் கவ்வும் காலிப்பருக்குள், பேடுகளை (பிரேக் கட்டைகளை) தள்ளும் பிஸ்டன் இறுகியிருக்கும். அதைப் பிளையர் போட்டு இழுக்காதீர்கள், பிஸ்டனில் கீறல் விழுந்தால் பிரேக் ஆயில் கசியும். ஆயில் ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை இறக்கி, பேடுகளை எடுத்துவிட்டு பிரேக் லீவரை மெதுவாக அழுத்துங்கள். ஆயில் அழுத்தமே பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறையக் கூடாது. இரண்டு பிஸ்டன் என்றால் முதலில் நகர்வதை சி-கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள், இல்லையேல் இறுகினது அசையாது. கம்ப்ரசர் காற்று வேண்டவே வேண்டாம், விரல் போய்விடும்.

பிஸ்டன் வெளியே வந்ததும் காலிப்பரில் சீல் (ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சீலைத் தள்ளி பிஸ்டனை நெருக்குவது பெரும்பாலும் அதுதான். மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். பெட்ரோல், சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் மாற்றியே ஆகவேண்டும். புது சீலில் புது பிரேக் ஆயில் தடவி, கையாலேயே நேராக அழுத்தி ஏற்றுங்கள். பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை முழுக்க எடுத்து, ஊருக்குள் ஓட்டிப் பார்க்காமல் தொப்பூர் கணவாயில் இறங்காதீர்கள்.