பூஞ்சை ஆய்வாளர்களில் நான் சொல்லும் பெயர்: எலிசபெத் ஹேசன்

கேள்வி இதுதான்: "பூஞ்சைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒருவர் யார்?"

என் பதில் எலிசபெத் லீ ஹேசன். பூஞ்சையிலிருந்து மருந்து என்றால் ஃபிளெமிங் பெயரைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கே மருந்து தேடிக் கண்டுபிடித்தது யார் என்றால் பதில் வராது. நான் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறையிலேயே, பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் நிஸ்டாட்டின் மருந்தைத் தெரிந்த அளவுக்கு அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஹேசனைத் தெரியாது.

அவர் எதற்காக மெனக்கெட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் எப்போதும் இருப்பதுதான். சாதாரணமாக வாலாட்டாது. சுற்றியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். 1940களில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பரவலாக வந்தபோது நோய்க்கிருமிகளோடு இந்தக் காவல் பாக்டீரியாக்களும் சேர்ந்தே செத்தன. தட்டிக்கேட்க ஆளில்லாமல் கேண்டிடா பெருகியது. வாயில் வெள்ளைப் படலம், குடல் கோளாறு, பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தொற்று என்று நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆபத்தில்லாமல் கொடுக்க நல்ல மருந்து எதுவும் இல்லை. பாக்டீரியாவின் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகுவாக மாறுபட்டது, அதனால் நம்மைத் தொடாமல் அதைக் கொல்லலாம். பூஞ்சை செல்லோ உட்கரு உட்படப் பல விதத்தில் நம் செல்லைப் போன்றது. அதைக் கொல்வது நம்மையும் பதம் பார்த்துவிடும்.

ஹேசன் பிறந்தது 1885இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில். சின்ன வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1910இல் பட்டம் வாங்கிப் பள்ளி ஆசிரியை ஆனார். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை, முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவ ஆய்வகம், ஒரு மருத்துவமனை ஆய்வகம் என்று போய், முனைவர் பட்டம் வாங்கும்போது வயது 42. 1931இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வகப் பிரிவில் சேர்ந்தார். அங்கே ஆந்த்ராக்ஸ் நோய் ஒரு பிரஷ் தொழிற்சாலையிலிருந்து பரவுவதைத் துப்பறிந்தது போன்ற வேலைகளில் பெயர் எடுத்தார். அதுவரை அவர் பாக்டீரியா ஆள்.

1944இல் அந்தப் பிரிவின் தலைவர் அகஸ்டஸ் வாட்ஸ்வொர்த் பூஞ்சை நோய்ப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். அறுபதை நெருங்கும் வயது. ஓய்வுக்கு நாள் எண்ணும் பருவம் என்று பலர் நினைப்பார்கள். ஹேசன் கொலம்பியாவில் ரோடா பென்ஹாமிடம் போய்ப் பூஞ்சையியலைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சைகளைச் சேகரித்து, வளர்த்து, அடையாளம் கண்டு ஒரு பெரிய தொகுப்பை உருவாக்கினார்.

இது ஏதோ கோப்பு அடுக்கும் வேலை மாதிரித் தெரியும். இல்லை. கேண்டிடா ஆய்வக வளர்ப்புத் தட்டில் வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று வளரும். ஆனால் அதே நிறத்தில், அதே வழவழப்பில் வளரும் ஈஸ்ட்கள் வேறு பல உண்டு. கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கொஞ்சம் எடுத்துச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) கலந்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அல்பிகன்ஸ் என்றால் உருண்டையான செல்லிலிருந்து நேராக ஒரு குழாய் முளைத்திருக்கும், அடியில் இடுக்கமே இல்லாமல். இடுக்கம் இருந்தால் பெரும்பாலும் அது வேறு இனம். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். எந்தப் பூஞ்சை எதுவென்று உறுதியாகத் தெரியாத ஒருவர் மருந்து தேடினால், எதைக் கொன்றோம் என்றே தெரியாமல் போய்விடும்.

அடுத்து மண். ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட் வகை பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் பூஞ்சையைக் கொல்லும் பொருளைச் சுரப்பதும் இருக்கலாம் அல்லவா? ஹேசன் பல இடத்து மண்ணிலிருந்து அவற்றைப் பிரித்து வளர்த்து, இரண்டு பூஞ்சைகள் மீது சோதித்தார். ஒன்று கேண்டிடா அல்பிகன்ஸ். மற்றொன்று மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ்.

வளர்ப்பிலிருந்து மருந்துப் பொருளைத் தனியே பிரிப்பது வேதியியலாளர் வேலை. அதே துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் இருந்த ரேச்சல் பிரவுன் 1948இல் அதற்குக் கூட்டு சேர்ந்தார். ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்தில், இடையே சுமார் 240 கிலோமீட்டர். எல்லாம் தபாலில்தான் நடந்தது. பூஞ்சையை அடக்கும் வளர்ப்பு கிடைத்தால் ஹேசன் கண்ணாடி ஜாடியில் போட்டு அனுப்புவார். பிரவுன் கரைப்பான்களால் அதைப் பிரித்து, எந்தப் பகுதியில் சரக்கு இருக்கலாம் என்று பார்த்துத் திருப்பி அனுப்புவார். ஹேசன் மறுபடி அதே பூஞ்சைகள் மீது சோதிப்பார், அப்புறம் எலிகள் மீது. பூஞ்சையைக் கொன்றவற்றில் பெரும்பாலானவை எலியையும் கொன்றன. ஜாடி மறுபடி தபாலில் ஏறும்.

தேறியது வர்ஜீனியாவில் நர்ஸ் என்ற நண்பர்களின் பண்ணையில் ஹேசன் எடுத்த மண். அதிலிருந்த பாக்டீரியாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நர்சி என்று அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்தார்கள். அது பூஞ்சையைக் கொல்லும் பொருள்கள் இரண்டைச் சுரந்தது. ஒன்று விலங்குகளுக்கு நச்சு. மற்றதுதான் நிஸ்டாட்டின். 1950இல் அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது.

பலர் இந்தக் கதையை "நண்பர் வீட்டு மண்ணில் அடித்த அதிர்ஷ்டம்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணில் ஆயிரம் இருக்கும். சரியான சல்லடை கையில் இருந்தவருக்குத்தான் அது சிக்கியது. அந்தச் சல்லடை, ஹேசன் முன்பே வளர்த்து அடையாளம் கண்டு வைத்திருந்த பூஞ்சைகள்.

மருந்து வேலை செய்யும் விதமும் அழகு. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது, நம் செல்லில் அதன் இடத்தில் கொலஸ்டிரால். நிஸ்டாட்டின் எர்கோஸ்டெராலோடுதான் அதிகம் ஒட்டும். ஒட்டிய இடத்தில் சவ்வில் துளை விழும். பொட்டாசியம் கசிந்து செல் சாகும்.

1957இல் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமை நீடித்தவரை வந்த தொகை 1.3 கோடி டாலருக்கும் மேல். இருவரும் அதில் ஒரு காசு எடுத்துக்கொள்ளவில்லை. பாதி பொதுவான அறிவியல் ஆய்வுக்கும் மீதி அவர்கள் பெயரிலான நிதிக்கும் போனது. அந்த நிதி மருத்துவப் பூஞ்சையியல் ஆய்வுகளுக்கு வாரி வழங்கியது. அரசாங்கச் சம்பளத்தில் இருந்த இருவர் இப்படிச் செய்ததைப் பற்றி நான் பெரிதாக உருகி எழுதப்போவதில்லை. ஹேசனுக்கே விளம்பரம் பிடிக்காது.

1966இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் வெள்ளம் வந்து ஓவியங்களில் பூசணம் பிடித்தபோதும் நிஸ்டாட்டினைப் பயன்படுத்தினார்கள் என்பது உபரித் தகவல். ஹேசன் 1960இல் ஓய்வு பெற்றும் கொலம்பியாவின் பூஞ்சை ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். 1975இல் இறந்தார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இருவரும் சேர்க்கப்பட்டது 1994இல்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நிஸ்டாட்டின் வாய்க்கும் குடலுக்கும் தோலுக்கும்தான். விழுங்கினால் ரத்தத்தில் ஏறாது. ஊசியாகப் போடலாம் என்றால் நச்சு. ஆக, ஹேசன் சோதனைக்கு எடுத்த இரண்டு பூஞ்சைகளில் கிரிப்டோகாக்கஸ் மூளைக்குள் போய்விட்டால் அவருடைய மருந்தால் அங்கே எட்ட முடியாது. அதற்கான மருந்து 1950களிலேயே வெனிசுவேலாவில் எடுத்த மண்ணிலிருந்து வந்தது, ஆம்ஃபோடெரிசின் பி. அதுவும் நிஸ்டாட்டின் வகையறாதான், அதே எர்கோஸ்டெராலைத்தான் பிடிக்கிறது. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்று நாங்கள் அறிக்கை கொடுத்தால், மருத்துவர்கள் முதலில் யோசிப்பது இன்றைக்கும் அதைத்தான்.