வடபழனி என்று சொல்லிவிட்டு வண்டலூருக்கா?

கேள்வி: எனக்கு வயது 58. கணவர், மகன், மருமகள், யு.கே.ஜி. படிக்கும் பேரன் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சின்ன வயதில் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய மிருகக்காட்சி சாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வண்டலூருக்குக் குடும்பத்தோடு மூன்று தடவை போயும், சாப்பாட்டுக் கூடைக்குக் காவல் இருந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு நாள் தனியாகப் போய் நிதானமாகப் பார்க்க ஆசை. இந்த வயதில் தனியாகப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதை முதலில் பார்ப்பது? செவ்வாய்க்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். வீட்டில் வடபழனி கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு வார விடுமுறை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியிருப்பீர்கள்.

ஏன் செவ்வாய்க்கிழமை? மிருகங்களுக்குத் தோதான நாள் என்றா? இல்லை. முருகன் கோயிலுக்கு என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்காத நாள் என்பதால். போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் பதில் சொல்ல வேண்டிய வரி அது ஒன்றுதான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையை விடுங்கள். புலியைப் பார்க்க வந்தவன் உங்களை ஏன் பார்க்கப் போகிறான்?

வடபழனிக்குப் போனவர் பதினொன்றரைக்குள் வீடு திரும்ப வேண்டும். அப்படியானால் வண்டலூரில் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். 602 ஹெக்டேர் காடு அது. நீங்கள் சின்ன வயதில் பார்த்த மூர் மார்க்கெட் தோட்டத்தில் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்துவிடலாம். 1985-இல் வண்டலூரில் திறந்தது அப்படி இல்லை. அகழிக்கு அந்தப் பக்கம் மரமும் புதருமாக விட்டிருக்கிறார்கள். மிருகம் எங்கோ நிழலில் படுத்திருக்கும், எழுந்து வரும்வரை நிற்க வேண்டும். பொய்க்குள் அடங்குகிற நேரத்தில் அது நடக்காது. வீட்டுக்குப் போனால் திருநீறு எங்கே என்பார்கள், அதற்கு என்ன செய்வீர்கள்? நடுவில் போன் வந்து, மயில் அகவினால் கோயில் என்று சமாளிக்கலாம். சிங்கம் கர்ஜித்தால்?

வேடிக்கை இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து, சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். நீங்கள் அங்கே மயங்கி விழுந்தால், உங்கள் போனை எடுத்து யாரோ மகனைக் கூப்பிடுவார்கள். "வண்டலூரா? அம்மா வடபழனிக்கல்லவா போனார்கள்" என்று அந்தப் பிள்ளை ராங் கால் என நினைத்து வைத்துவிட்டால்? எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்வது அனுமதி கேட்பதாகாது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமை அது. உங்கள் மகன் சொல்லாமல் ஒரு நாள் போனால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பொய் சொல்வது வீட்டார் மறுப்பார்கள் என்பதால் மட்டும் இல்லை. நீங்கள் இல்லாமலும் அந்த வீட்டில் ஒரு பகல் ஓடும் என்று தெரிந்துவிடுமோ என்ற பயமும் அதில் இருக்கிறது. ஓடட்டுமே. கணவர் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடட்டும். பேரனை ஸ்கூலில் இருந்து கூட்டி வருவது முதலில் அவனைப் பெற்றவர்கள் பொறுப்பு. நீங்கள் கை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். முந்தின ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடுங்கள்: "வியாழக்கிழமை நான் வண்டலூர் ஜூவுக்குப் போகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன். பையனை அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்க ஆரம்பித்தால் பேரம் வரும்.

இனி அந்த வியாழக்கிழமை. நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரிக்குள் பாருங்கள். காணும் பொங்கல் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், ஊரே அங்கேதான் இருக்கும். மாம்பலத்தில் செங்கல்பட்டு போர்டு போட்ட வண்டியில் ஏறுங்கள். தாம்பரம் வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும். பெருங்களத்தூருக்கு அடுத்தது வண்டலூர், இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். காலை டிபனையும் மாத்திரையையும் வீட்டிலேயே முடித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கேட்டில் நில்லுங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தானையில் முடிந்தாவது குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் வாயில் போட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். பழகிய செருப்பு, குடை, முடிந்தால் இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். அகழி தாண்டிப் பார்ப்பதற்கு அது இல்லாமல் பாதிதான் தெரியும்.

முதல் ஒன்றரை மணி நேரம் புலி, சிங்கம், சிறுத்தைக்கு. வெயில் ஏறிவிட்டால் அவை நிழலில் படுத்துவிடும், பிறகு மஞ்சளாக ஒரு முதுகுதான் தெரியும். அடுத்து குரங்குகள். இங்கேதான் நீங்கள் தனியாகப் போவதன் லாபம். சோலைமந்தியும் நீலகிரி கருமந்தியும் தூரத்தில் ஒரே கறுப்பாகத் தெரியும், கூட்டத்தோடு வந்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். பழம் கிடைத்தால் மெல்லாமல் கன்னத்துப் பைக்குள் திணித்துக்கொள்ளும். பிறகு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டு வரும். கருமந்திக்கு அந்தப் பை கிடையாது. அது இலை தின்னி. இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் வயிறு. அதனால் தின்றுவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் யாராவது பிஸ்கட் எறிந்தால் தயங்காமல் அதட்டுங்கள். இனிப்பும் மாவும் அந்த வயிற்றில் அமிலமாகி அதைப் படுக்க வைத்துவிடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. வெளியே திரியும் நாட்டுக் குரங்குகள் வேறு ரகம், அவற்றின் எதிரில் பையைத் திறக்கவே கூடாது.

பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் திறந்த இடத்தில் அலைய வேண்டாம். பேட்டரி வண்டியில் ஏறுவதென்றால் அப்போது ஏறுங்கள். காலையில் ஏறினால் எல்லாமே ஓடி மறையும். மூன்று மணிக்கு மேல் ஓட்டேரி ஏரி. மழை நன்றாகப் பெய்த வருஷம் என்றால் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் தெரியும், பாம்பு என்று அலறிவிடாதீர்கள். நாலரைக்குக் கிளம்புங்கள். ரயில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு போன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னவுடன், "நாங்களும் வர்றோம்மா, சனிக்கிழமை எல்லோருமாப் போகலாம்" என்று மகன் சொல்வான். பாசத்தில்தான் சொல்வான். "அதுவும் போகலாம்டா, அன்னைக்குக் கூடையை நீ தூக்கு. வியாழக்கிழமை நான் மட்டும்" என்று சொல்லுங்கள்.