எலக்ட்ரானை எண்ணி ஆளுதல்: டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வர்த், பொறியியல் மாணவி: ஐயா, ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான் மட்டும் செல்லும்படி செய்வது எப்படி?

பதில்: குவாண்டம் புள்ளி என்னும் மிகச் சிறிய தீவில் ஓர் எலக்ட்ரான் கூடுதலாகப் புகுந்துவிட்டால், அதன் மின்விலக்கு அடுத்ததைத் தடுத்துவிடுகிறது. தீவின் மின்தேக்குத்திறன் 100 அட்டோஃபாரட் என்றால் இத்தடையின் ஆற்றல் ஏறக்குறைய 0.8 மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 25. எனவேதான் கடுங்குளிர் தேவைப்படுகிறது. ஃபுல்டனும் டோலனும் 1987இல் பெல் ஆய்வகத்தில் இவ்விளைவைச் செய்து காட்டினர்.

பீனிக்ஸ், மின்பணியாளர்: தைப்பூசத்தன்று கோயில் வாசலில் தொண்டர் பக்தர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவது போலத்தானே இது? அப்படியானால் ஓட்டம் சீராகத்தான் இருக்கும், எண்ணிப் பார்த்துத் திருத்தும் பின்னூட்டம் எதற்கு?

பதில்: நல்ல உவமை, ஐயா. ஆனால் ஒவ்வொருவராக நுழைவது வேறு, சம இடைவெளியில் நுழைவது வேறு. தீவின் இருபுறமும் உள்ள மெல்லிய தடுப்பை எலக்ட்ரான் கடக்கும் கணம் தற்செயலானது. ஆகவே, ஒரு தனித் தடுப்பின் வழியே சராசரியாக 10,000 எலக்ட்ரான்கள் செல்லும் காலத்தில், உண்மை எண்ணிக்கை சுமார் 100 கூடவோ குறையவோ செய்யும். இரு தடுப்புகளும் சமமாக அமைந்த குவாண்டம் புள்ளியில் இது ஏறக்குறைய 71 ஆகக் குறைந்தாலும், நேரம் செல்லச்செல்ல வளர்ந்துகொண்டே போகும். உங்கள் தொண்டர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இந்நேரத்திற்குள் இத்தனை பேர் சென்றிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, குறைந்தால் விரைவுபடுத்தி, கூடினால் தாமதப்படுத்தினால் அதுவே பின்னூட்டம். பெர்லினைச் சேர்ந்த டோபியாஸ் பிராண்டஸ் 2010இல் இக்கருத்தைக் கோட்பாடாக வகுத்தார். 2017இல் ஹனோவர் ஆய்வாளர்கள் அவருடன் இணைந்து சோதனையில் மெய்ப்பித்தனர். புள்ளியின் அருகிலுள்ள நுண்ணிய மின்வழியில், எலக்ட்ரான் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் ஓட்டம் தாவுகிறது. அத்தாவல்களை எண்ணி, புள்ளியைக் கட்டுப்படுத்தும் கேட் என்னும் மின்முனையின் மின்னழுத்தத்தைத் திருத்துகிறார்கள். ஓர் எலக்ட்ரான் பிசகுக்குக் கடப்பு வீதத்தை 1 விழுக்காடு மாற்றினால், தனித் தடுப்பிலும் சிதறல் சுமார் 7 எலக்ட்ரான்களில் நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஓடினாலும் வளராது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

டொங்காட், ஆசிரியர்: திருத்தத்தை இன்னும் வலுவாக்கினால் பிசகே இராதல்லவா?

பதில்: இராது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை கைக்கு வரும் முன்பே நிலைமை மாறிவிட்டால், வலுவான திருத்தம் ஓட்டத்தை இருபுறமும் ஊசலாடச் செய்யும். அதைவிடப் பெரிய தொல்லை, உணரி (எலக்ட்ரான்களை எண்ண உதவும் அந்த நுண்ணிய மின்வழி) தவறவிட்ட எலக்ட்ரான். கணக்கில் ஏறாததைப் பின்னூட்டம் ஒருபோதும் திருத்தாது; அப்பிசகு அப்படியே சேர்ந்துகொண்டே போகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற ஆசிரியை: இப்படி எலக்ட்ரானை அளந்து பார்த்துத் திருத்தியே வெப்பத்திலிருந்து ஆற்றல் பெறலாம் என்றால், ஒரே வெப்பநிலையிலுள்ள வெப்பத்திலிருந்து மட்டும் வேலை பெற முடியாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி உடையாதா?

பதில்: உடையாது, அம்மா. 2014இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒற்றை எலக்ட்ரானைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பிட் தகவலால் பெறக்கூடிய ஆற்றலுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அத்தகவலை அழிக்கும்போது குறைந்தது அவ்வளவு வெப்பத்தையேனும் வெளியிட்டாக வேண்டும்.

வெருலம், மாணவர்: மின்னோட்டத்தின் அலகான ஆம்பியரைத் துல்லியமாக நிறுவ இது பயன்படுமா?

பதில்: 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்றே நிலைநிறுத்தப்பட்டுள்ளதால், எண்ணிக்கையே ஆம்பியருக்கு அடிப்படை. ஆனால் வினாடிக்கு 1000 எலக்ட்ரான்கள் என்பது 0.16 ஃபெம்டோஆம்பியர் மட்டுமே. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகத் தள்ளும் பம்பு என்னும் கருவி, வினாடிக்கு நூறு கோடி எலக்ட்ரான்களைத் தள்ளினால் 160 பிக்கோஆம்பியர் தரும். ஆகவே, தம்பி, அவ்வளவு வேகத்தில் ஒவ்வொன்றையும் எண்ணுவதைவிட, அரிதாக நேரும் பிசகுகளை மட்டும் எண்ணிக் கழிப்பதே ஏற்ற வழி என்று கருதுகிறேன்.