ஆப்பிரிக்க லேப்களுக்குக் கம்பெனி சார்பில் தன்னார்வலராகப் போவதால் அவர்களுக்குப் பயன் உண்டா, இல்லை போட்டோவுக்கு மட்டும்தானா?

போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன். கேட்டவர் போவதற்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு இப்போது யோசிக்கிறார் போல.

நான் விஞ்ஞானி இல்லை. பரிசோதனைக் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆள். 2012-ல் கிழக்கு உகாண்டாவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி லேபுக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள். கூட வந்த மூவரும் மைக்ரோபயாலஜி படித்தவர்கள். 'இவன் எதற்கு?' என்பது விமானத்திலேயே அவர்கள் முகத்தில் தெரிந்தது.

போய்ப் பார்த்தால், ரத்தத்தில் சிடி4 (எச்ஐவி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணு) எண்ணும் மிஷின் எங்களைவிட அங்குள்ள டெக்னீஷியன்களுக்கு அத்துப்படி. பிரச்சினை ஃபிரிட்ஜில். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கான ரசாயனம். புதிதாக வந்ததை முன்னால் அடுக்கி அடுக்கி, பின்னால் 11 பெட்டி காலாவதியாகிக் கிடந்தது. அதே லேபில் ரீஏஜென்ட் தீர்ந்து நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. அப்போது பெரும்பாலோருக்கு சிடி4 எண் 350-க்குக் கீழே என்று தெரிந்தால்தான் எச்ஐவி மருந்தே தொடங்குவார்கள். எண் இல்லையென்றால் மருந்தும் இல்லை.

நான் செய்தது மளிகைக் கடை வேலைதான். முதலில் காலாவதியாவது முன்னால், ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஸ்டாக் அட்டை, எத்தனை மிச்சம் இருக்கும்போது ஆர்டர் போடுவது என்று ஒரு சிவப்புக் கோடு. இதையும் நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. 2009-ல் ருவாண்டாவின் கிகாலியில் தொடங்கிய ஸ்லிம்டா (SLMTA) என்ற லேப் நிர்வாகப் பயிற்சியில் லேப் பொறுப்பாளர் அம்மா எல்லாம் படித்திருந்தார். உட்கார்ந்து செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் என்ன கிழித்தாய் என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு லேப்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரும். தணிக்கையில் மதிப்பெண் 55 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒன்றுகூடக் கிடையாது. அந்த லேப் கீழேதான் இருந்தது. நான் நட்சத்திரம் வாங்கித் தந்ததாகச் சொல்லவில்லை. என் விமானக் கட்டணத்துக்கு அங்கேயே ஒருவரைச் சில மாதம் வேலைக்கு வைத்திருக்கலாமே என்றால், வைத்திருக்கலாம்தான்.

அப்புறம் போட்டோ. கடைசி நாள் எனக்குக் கையுறை மாட்டிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனியச் சொன்னார்கள். அதன் விளக்குகூட எரியவில்லை. கம்பெனி இதழின் அட்டையில் வந்தது அதுதான். அதே வருட அப்ரைசலில், மூன்று வாரம் ஸ்டோர்ஸில் ஆள் இல்லை என்று எனக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். போவதற்கு முன், இது டூட்டியா லீவா என்று மேலாளரிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பினேன்.