கிளப்பில் அடிபட்டால் கிளப் பொறுப்பா?

கேள்வி: நைட் கிளப்பில் இன்னொரு வாடிக்கையாளர் என் தம்பியின் முகத்தில் பாட்டிலால் அடித்துவிட்டார். ஏழு தையல். 'அடித்தவர்மீது வழக்குப் போடுங்கள். நாங்கள் பொறுப்பல்ல என்று நுழைவுச் சீட்டிலேயே போட்டிருக்கிறோம்' என்கிறது நிர்வாகம். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். அடித்தவர் மீதான குற்ற வழக்கு வேறு, கிளப்பின் அலட்சியத்துக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கு வேறு. ஆனால் உள்ளே அடிபட்டார் என்பது மட்டும் போதாது. ஆபத்து வருவது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். திடீரென்று விழுந்த ஒற்றை அடி என்றால் வழக்கு நிற்பது கடினம். அதற்குமுன் வாய்த்தகராறு நடந்ததா? தம்பி ஊழியரிடம் சொன்னாரா? நிற்கமுடியாத போதையில் இருந்தவருக்கு மேலும் மது கொடுத்தார்களா? வழக்கின் உயிர் இங்கேதான்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்த்த வழக்கைப் பாருங்கள். சண்டை மூளப்போகிறது என்று உணர்ந்த மதுக்கூடத்தின் பாதுகாப்புக் காவலர், ஒரு வாடிக்கையாளரைக் கிளம்பச் சொன்னார். அந்த வாடிக்கையாளர் வண்டி நிறுத்துமிடத்தில் எதிர்க்கோஷ்டியிடம் அடிபட்டார். அந்தக் கோஷ்டி பின்னால் போகாமல் தடுக்க முயன்றிருக்கலாம், வெளிக்காவலர் தன் இடத்தில் இருக்கிறாரா என்றாவது பார்த்திருக்கலாம் என்றது நீதிமன்றம். செலவில்லாத இந்தச் சின்ன வேலைகளைக்கூடச் செய்யாததால் மதுக்கூடம் பொறுப்பானது.

சீட்டு வாசகத்துக்கு மிரள வேண்டாம். இங்கிலாந்தில், அலட்சியத்தால் ஏற்படும் உடற்காயத்துக்கு இப்படி அறிவிப்புப் போட்டுத் தப்புவதை 1977-லேயே சட்டம் தடுத்துவிட்டது. உங்கள் நாட்டுச் சட்டத்தை வக்கீலிடம் கேளுங்கள். வழக்குப் போடும் காலக்கெடுவையும் சேர்த்தே கேளுங்கள்.

அதற்கும் முன்னால், இன்றே செய்ய வேண்டியது சிசிடிவிக்கான கடிதம். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பல இடங்களில் சில வாரங்கள்கூடத் தாங்காது. தேதி, நேரம் குறிப்பிட்டு, மதுமேடை, நடனத்தளம், வாசல், வெளிப்புறம் ஆகிய கேமராப் பதிவுகளையும், சம்பவப் பதிவேடு, காவலர் பணிப்பட்டியலையும் அழிக்கக்கூடாது என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அழிந்தால் அதுவே அவர்களுக்கு எதிராகப் பேசும். மருத்துவக் குறிப்பில் 'முகக்காயம்' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. பாட்டிலால் தாக்கப்பட்டது பதிவாக வேண்டும்.

கேள்வி: பவுன்சரே அடித்தால்? 'ஏஜென்சி ஆள்' என்று கைவிரிக்கிறார்களே?

பதில்: கிளப், ஏஜென்சி இரு தரப்பையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பவுன்சருக்கு உத்தரவிட்டது யார் என்பதைக் காட்டப் பணிப்பட்டியலும் ஒப்பந்தமும் உதவும். சண்டைக்குப்பின் வீட்டுக்குப் போய்க் கத்தியோடு திரும்பிய பவுன்சர், கிளப்புக்கு வெளியே குத்தியதற்கும் உரிமையாளரே பொறுப்பு என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்தது. உரிமம் இல்லாதவரை வேலைக்கு வைத்து, முரட்டுத்தனத்தையும் ஊக்குவித்தவர் அந்த உரிமையாளர். ஆகவே பவுன்சருக்கு உரிமம் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள்.