384 பேர் எங்கிருந்து வந்தார்கள்?: ஆய்வு மாணவர் கேள்வி-பதில்

ஓர் ஊராட்சியில் குடிநீர் பற்றி ஆய்வு செய்கிறேன். மொத்தம் 1,000 குடும்பங்கள். 384 பேரிடம் கேட்டாக வேண்டும் என்கிறார் வழிகாட்டி. அது என்ன 384?
– எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, மதுரை

1.96-இன் வர்க்கத்தை 0.5 × 0.5-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். 384.16 வரும். 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கை அளவுக்கு (இதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால் நூற்றுக்குச் சுமார் 95 முறை விடை பிழை எல்லைக்குள் அடங்கும் என்பதற்கு) உரிய எண். 0.5 என்பது ஊரில் பாதிப் பேர் 'ஆம்' சொல்வார்கள் என்ற அனுமானம். விடை என்னவென்று தெரியாதபோது இப்படி வைத்துக்கொண்டால் மாதிரி அளவு (கேட்க வேண்டியவர்களின் எண்ணிக்கை) குறைந்துபோகும் ஆபத்து இல்லை. 0.05 என்பது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழை, மேலும் கீழும் 5 சதவீதப் புள்ளி.

உங்கள் ஊர் சிறியது. ஆகவே 384.16-ஐ 1.38316-ஆல் (1 + 383.16/1,000; 383.16 என்பது 384.16-இல் ஒன்று குறைவு) வகுக்கலாம், 278 குடும்பங்கள் போதும். அத்தனை பேரும் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார்கள். நூற்றுக்கு 15 பேர் நழுவுவார்கள் என்று வைத்து, 278-ஐ 0.85-ஆல் வகுத்து 328 வீடுகளுக்குத் திட்டமிடுங்கள்.

இந்தக் கணக்கு, எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் செல்லும். 1,000-ஐ 328-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3, அதாவது மூன்று வீட்டுக்கு ஒரு வீடு. வீட்டுவரிப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, 1 முதல் 3 வரை சீட்டுக் குலுக்குங்கள். 2 வந்தால் 2, 5, 8 என்று போய்க்கொண்டே இருங்கள். அதற்கு முன் ஊரை ஒருமுறை நடந்து சுற்றிவந்து பதிவேட்டைச் சரிபார்ப்பது முக்கியம். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் பெயர் அதில் விடுபட்டிருக்கலாம்; தண்ணீருக்கு அதிகம் அல்லாடுகிறவர்கள் அவர்களாகவும் இருக்கலாம். பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். மாலையில் ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை திரும்பப் போங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் உதிர்ந்து, பகலில் வீட்டில் இருப்பவர்களின் ஊராக அது மாறிவிடும்.

மாதிரி பெரிதாக இருந்தால் இதெல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு அஞ்சலில் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. டெலிபோன், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து முகவரி எடுத்தது ஒரு கோளாறு. பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி ஆட்களாக இல்லாதது இன்னொன்று. வாட்ஸ்ஆப் குழுவில் கூகுள் படிவத்தைத் தட்டிவிட்டு 384 சேர்ந்ததும் நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதிதான்.

'ரேஷன் கடையில் அரிசியின் தரமும் ஊழியர் நடத்தையும் திருப்தியாக உள்ளனவா?' என்று கேட்டேன். பத்தில் ஒன்பது பேர் 'ஆம்' என்கிறார்கள். நம்ப முடியவில்லை.
– சமூகவியல் ஆய்வாளர், விழுப்புரம்

நம்பாதீர்கள். ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. அரிசி மோசம், ஊழியர் நல்லவர் என்பவர் எதை டிக் செய்வார்? தவிர, 'திருப்தியா?' என்று வெளியாள் கேட்டால் 'ஆமாங்க' என்று முடித்து அனுப்புவது நம் ஊர் மரியாதை. நடந்ததைக் கேளுங்கள்: போன மாதம் எத்தனை கிலோ வாங்கினீர்கள்? அதில் எத்தனை கிலோ சமைத்தீர்கள்? கடைக்கு எத்தனை முறை நடந்தீர்கள்? கடைக்கு எதிரே நின்று கேட்காமல் வீட்டில் கேளுங்கள். மாதிரியில் இல்லாத 15, 20 பேரிடம் வினாநிரலை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தாலே இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும்.

ஐந்து புள்ளி அளவுகோலில் (விடைகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பு) சராசரி 6.17 வருகிறது. க்ரான்பாக் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.41. எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருள் பழுதா?
– பி.எச்டி. மாணவர், கோவை

மென்பொருள் சரியாகத்தான் இருக்கும். பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று போட்டுவிட்டு, அது 'விடுபட்ட விடை' என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். 100 பேரில் 3 பேருக்கு 99 இருந்தாலே 3.3 என்ற சராசரி 6.17 ஆகிவிடும். ஆல்ஃபாவையும் அதே 99 கெடுத்திருக்கலாம். அதைத் திருத்திய பிறகும் குறைவாகவே இருந்தால் எதிர்மறை வாக்கியங்களைப் பாருங்கள். 'எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை' போன்றவற்றின் மதிப்பை 6-லிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். இவ்வளவு செய்தும் 0.7-ஐ எட்டாவிட்டால், உங்கள் வாக்கியங்கள் ஒரே விஷயத்தை அளக்கவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

வருமானத்துக்குச் சராசரியா, இடைநிலையா?
– இளங்கலை மாணவர், தஞ்சாவூர்

இடைநிலை, அதாவது வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. ஒன்பது வீட்டில் மாதம் 12,000 ரூபாய், பத்தாவது வீட்டில் 2,50,000 என்றால் சராசரி 35,800. அந்த வருமானம் உள்ள வீடு அந்தத் தெருவிலேயே இல்லை.

ஆண்கள் 100 பேரில் 60 பேரும் பெண்கள் 100 பேரில் 45 பேரும் யூ.பி.ஐ. பயன்படுத்துகிறார்கள். கை வர்க்கச் சோதனையில் (chi-square, இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்ப்பது) பி-மதிப்பு 0.034. 'பாலினமே காரணம், 96.6 சதவீதம் உறுதி' என்று எழுதலாமா?
– பொருளியல் மாணவி, திருச்சி

முதலில் கையால் போட்டுப் பாருங்கள். பாலினத்துக்கும் யூ.பி.ஐ.க்கும் தொடர்பே இல்லை என்றால் இரு தரப்பிலும் 52.5 பேர் பயன்படுத்துவார்கள், 47.5 பேர் பயன்படுத்த மாட்டார்கள் என்று எதிர்பார்க்கலாம். நான்கு கட்டத்திலும் வித்தியாசம் 7.5. அதன் வர்க்கத்தை அந்தந்த எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்துக் கூட்டினால் 4.51. இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு சுதந்திரப் படி (degree of freedom) ஒன்று; அதற்கு 5 சதவீத அளவில் எல்லை 3.84, அதைத் தாண்டிவிட்டது. (எதிர்பார்ப்பு எண் ஏதாவது 5-க்குக் கீழ் போனால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது, சிறிய எண்களுக்கு ஏற்ற ஃபிஷர் சோதனைக்குப் போங்கள்.)

0.034 சொல்வது இவ்வளவுதான்: தொடர்பே இல்லாத உலகில்கூட, இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக நூற்றுக்கு 3.4 முறை வரும். உங்கள் கருதுகோள் 96.6 சதவீதம் உண்மை என்று அது சொல்லவில்லை. தொடர்பின் வலிமைக்கு 4.51-ஐ 200-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.15. மெலிந்த தொடர்புதான், அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

'காரணம்' என்ற சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சொந்தமாக ஸ்மார்ட்போன் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து இரண்டு அட்டவணை போடுங்கள். வித்தியாசம் மறைந்தாலும், 'பாலினத்துக்குப் பங்கே இல்லை' என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் யார் கையில் இருக்கும் என்பதையே பாலினம் தீர்மானித்திருக்கலாம். அதைக் கேட்க உங்கள் வினாநிரலில் ஒரு கேள்வி இருக்கிறதா?