பேட் ரிலிஜன் பாட்டை எங்கள் பேண்டில் வாசித்தால் ஏன் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது?

பேட் ரிலிஜன் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் ஃபர்ஸ்ட்' ஆல்பத்திலிருந்து தலைப்புப் பாட்டையும் 'லாஸ் ஏஞ்சல்ஸ் இஸ் பர்னிங்'கையும் எடுத்திருக்கிறீர்கள். வேகம் பிடித்துவிட்டீர்கள். ஆனாலும் "அரசியல் பாட்டு மாதிரியே இல்லை, சத்தம்தான் இருக்கு" என்கிறார்கள் கேட்பவர்கள். கேள்வி அவ்வளவுதான். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன்: காலேஜ் பேண்ட், இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், தனியாக ஒரு பாடகர். கிட்டார்காரர்கள் வாயைத் திறப்பதே இல்லை. டிஸ்டார்ஷனில் கெயின், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் திருகு, எட்டுக்கு மேல். சரியா?

அப்படியானால் கோளாறு வேகத்தில் இல்லை. சொல் கேட்கவில்லை. இந்த ஆல்பத்தின் கோபம் முழுக்க சொல்லில் இருக்கிறது. அது கேட்காவிட்டால் மிஞ்சுவது மூன்று கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வியர்வையும்தான்.

ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னணி. 1980-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளிக்கூடப் பையன்களாக ஆரம்பித்தவர்கள், 2004 ஜூனில் இதை வெளியிட்டபோது நாற்பதை ஒட்டிய வயதில் இருந்தார்கள். முந்தைய வருடம் மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியிருந்தது, அந்த வருடம் நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல். எதிரி அடிக்கும் முன்பே நாம் அடிக்கலாம் என்ற புஷ் அரசின் கொள்கைதான் தலைப்பு. 1980-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் பெயரில் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டார்கள். பாடகர் கிரெக் கிராஃபின் 2003-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், பரிணாம உயிரியல் பின்னணி. அவர் பாடும் முறையும் அப்படித்தான். கத்துவதில்லை, நீளநீளமான சொற்களை ஒன்றையும் விழுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். 'சஃபர்' இருக்க 2004 ஆல்பம் எதற்கு என்று பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 1988-ன் அந்த ஆல்பத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை, பேச்சு உங்கள் பாட்டைப் பற்றியது.

முதலில் தலைப்புப் பாட்டு. கோரஸில் 'எம்பயர்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்கிறார்கள், மொத்தம் ஆறு எழுத்து. தமிழ் நாக்கு சறுக்குவது இங்கேதான். 'ஈ' நம் வாயில் 'யீ' ஆகும், 'எம்' 'யெம்' ஆகும். கடைசியில் வரும் ஆரும் ஈயும் ஒட்டிக்கொண்டு 'ஆர்ரீ' என்று ஒரே எழுத்தாகிவிடும். ஆறு ஐந்தாகிவிட்டதால், கேட்பவருக்கு ஏதோ கோஷம் என்று தெரியுமே தவிர என்ன சொல் என்று தெரியாது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து பேரும் கைதட்டிக்கொண்டே மெதுவாகக் கூட்டிச் சொல்லிப் பழகுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் தொண்டையில் சின்னதாக ஒரு அடைப்பு விழ வேண்டும். அது வந்த பிறகு வேகம் ஏற்றுங்கள்.

இன்னொன்று, சொல்லின் கடைசி மெய். 'ஃபர்ஸ்ட்' என்பது வேகத்தில் 'ஃபர்ஸ்' ஆகிவிடும், அல்லது 'ஃபர்ஸ்ட்டு' என்று ஒரு உகரம் ஒட்டிக்கொண்டு தாளத்தில் அரை அடியைத் தின்றுவிடும். அந்த 'ட்' எந்த அடியில் விழ வேண்டும் என்று ஒரிஜினலைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அங்கேயே வையுங்கள். பாடகர் தாளில் மூச்சு எடுக்கும் இடத்தையும் பென்சிலால் குறிக்க வேண்டும். இடம் குறிக்காவிட்டால் மூன்றாவது வரியில் மூச்சு முட்டும், முட்டினால் கத்துவார், கத்தினால் சொல் போச்சு.

அடுத்தது ஹார்மனி, மெலடியோடு வேறு சுரத்தில் சேர்ந்து பாடும் துணைக்குரல். ரசிகர்கள் 'ஊசின் ஆஹ்ஸ்' என்று சொல்லும் அந்த 'ஊ', 'ஆ' அடுக்குதான் இந்தக் குழுவின் முத்திரை. அதை விட்டுவிட்டால் பாதிப் பாட்டு இல்லை. உங்கள் கிட்டார்காரர்கள் பாடியே ஆக வேண்டும். மேஜர் ஸ்கேலில் மெலடி ச-வில் நின்றால் மேல் குரல் க, அதற்கும் மேல் ப. மெலடி க-வுக்குப் போனால் மேலே ப. பெரும்பாலும் இப்படி ஒன்று விட்டு ஒன்று போனால் போதும். தவறுவது மெலடி ரி-யில் நிற்கும்போதுதான். அப்போது கீழே ப-வைக் கொண்டு கட்டிய கார்ட் ஓடினால் (ப, நி, ரி), கணக்குப்படி வரும் ம அந்தக் கார்டில் இல்லை. பாடினால் உறுத்தும். அங்கே ப-வுக்கு ஏறிவிடுங்கள். ஹார்மனி பாடுபவர் மெலடியை விடக் குறைவான சத்தத்தில், அதிர்வே இல்லாமல், நேர் கோடாகப் பாட வேண்டும். கர்னாடக சங்கீதம் படித்தவர் யாராவது குழுவில் இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கமகம் கூடாது.

கிட்டார். ஆல்பத்தில் மூன்று கிட்டார்: பிரெட் குரவிட்ஸ், கிரெக் ஹெட்சன், பிரையன் பேக்கர். 1994-ல் விலகிய குரவிட்ஸ் 2001-ல் திரும்பி வந்தபோது பேக்கரும் இருந்தார், அதனால் மூன்று. உங்களுக்கு இரண்டு போதும், ஆனால் இருவரும் ஒரே இடத்தில் ஒரே பவர் கார்டை (இரண்டே சுரம் கொண்ட கார்ட்) வாசிக்காதீர்கள். ஒருவர் கீழே கார்ட், மற்றவர் மேலே ஆக்டேவ் (ஒரே சுரம், இரண்டு ஸ்தாயியில்). கெயினை நாலு, ஐந்துக்கு இறக்குங்கள், மிட்டை (நடு அலைவரிசை ஒலி) குறைக்காதீர்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட் குறைத்தால் கம்பீரமாக இருக்கும், பேண்டோடு சேர்ந்தால் கிட்டார் காணாமல் போகும். உடனே வால்யூமை ஏற்றுவீர்கள், பாடகர் புதைந்துபோவார். 9-42 தடிமன் கம்பி போட்டிருந்தால் 10-46க்கு மாறுங்கள். மெல்லிய கம்பியை ஓங்கி அடித்தால் அடிக்கும் கணத்தில் சுருதி ஏறும், அந்த நேரம் ஹார்மனி என்ன பாடினாலும் சேராது. பங்க்குக்கு எதுக்கு சுருதி என்று கேட்பவர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டதில்லை என்று அர்த்தம்.

டிரம்ஸில் கிக், ஸ்நேர், கிக், ஸ்நேர் என்று மாறி மாறி, ஒரு கிளிக்குக்கு ஒன்று. மெட்ரோனோமை 140-ல் ஆரம்பித்து ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 180 தாண்டியதும் கை இறுகினால் ஹை-ஹாட்டை கிளிக்குக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஃபில் (இடையில் வரும் டிரம் உருட்டல்) முடிந்து பாட்டுக்குள் திரும்பும்போது ஓடாமல் இருப்பதுதான் முக்கியம். டிரம்மர் ஓடினால் பாடகர் கடைசி மெய்யைக் கைவிடுவார்.

'லாஸ் ஏஞ்சல்ஸ் இஸ் பர்னிங்' மிதவேகம், கிட்டாரை முழுக்கக் கீழ்நோக்கி அடித்தே வாசிக்கலாம். அதன் சோலோ அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் குழுவில் இருந்த மைக் கேம்ப்பெல் வாசித்தது. பாடிக்காட்டக்கூடிய சோலோ, அதில் உங்கள் விரல் வித்தையைச் சொருகாதீர்கள். 2003 அக்டோபரில் சான்டா ஆனா என்னும் வறண்ட காற்றில் தெற்குக் கலிஃபோர்னியா காட்டுத்தீயில் எரிந்தது, அடுத்த வருடம் இந்தப் பாட்டு வந்தது. தீயை விட அதைக் காட்டும் கேமராக்கள் மேல்தான் இதில் எரிச்சல் அதிகம். நடுவில் ஒரு வரி அப்படியே அவர்களுடைய 1982 முதல் ஆல்பத்தின் பெயர். அந்த ஆல்பத்தின் அட்டையிலும் சிவப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ். தெரிந்தவர் கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தாலும் அந்த வரி தெளிவாகக் கேட்டால் சிரிப்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. தமிழில் இந்த இசையைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 'கலகக்குரல்', 'அதிகார எதிர்ப்பு' என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். எந்தக் கார்ட், எத்தனை குரல், எந்த அடியில் சொல் விழுகிறது என்று ஒரு வரி கிடையாது. படித்துவிட்டு வாசிக்க வரும் பிள்ளைகளும் கலகம் என்றால் கெயின் என்றே நினைக்கிறார்கள்.

மிக்ஸரில் கிட்டார் சேனல்களில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறையுங்கள், மெய்யெழுத்துகள் இருப்பது அங்கேதான். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் ஸ்டைல் வேண்டாம், ஃபீட்பேக் வரும், குரலும் டப்பாவுக்குள் போகும்.

ஆல்பம் தொடங்குவது 'ஓவர்ச்சர்' என்ற ஒரு நிமிட வாத்திய இசையில். மேடையில் அதை நீங்கள் வாசிக்க வேண்டாம், ஸ்பீக்கரில் ஓட விடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு கிட்டாரையும் மறுபடி சுருதி பார்த்துவிடலாம்.